கோஸ் வந்த கரை

சென்னை மூர் மார்க்கெட் நிலையத்தினின்று வடக்கு நோக்கிப் புறப்படும் மின்தொடர் வண்டியில் ஏறியமர்ந்தவரை நகரம் எளிதில் விடுவதில்லை. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஆலைகளும் எண்ணெய்க் கலங்களும் கூடவே ஓடி வருகின்றன. அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் பின்னே மறைந்து, மீஞ்சூரும் கடந்த பின்னரே கண்ணுக்குப் பசுமை கிடைக்கிறது. பொன்னேரியில் வழி இரண்டாகப் பிரிகிறது. சாலை வழியே கிழக்கே சற்றேறக்குறைய 20 கிலோமீட்டர் சென்றால் பழவேற்காடு. இருப்புப்பாதை வழியே வடக்கே இன்னும் இரண்டு நிலையம் சென்றால் கும்மிடிப்பூண்டி. முன்னது ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பன்னாட்டு வணிகர் கூடிய துறைமுகம். பின்னது, சிப்காட் தொழிற்பேட்டையின் பயனாக, பல மாநிலத் தொழிலாளர் வந்து குழுமும் ஊர். இரண்டும் 1997இல் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்துள் அடங்கியவை.

அன்பு வாசகர்களே, இவ்விரண்டு ஊர்களுக்கும் நாம் சென்றது ஒரு சொல்லைத் தேடி. சொல் பெரியதொன்றுமன்று. நம் இல்லங்களில் வாரத்துக்கு ஒருமுறையேனும் அடுப்பேறும் முட்டைக்கோஸில் வரும் 'கோஸ்' என்பதே அது. முட்டை என்ற முற்பகுதி நம்முடையது. காயின் உருண்ட வடிவத்தைக் கண்டு நம் மக்கள் இட்ட அடைமொழி. பிற்பகுதி யாருடையது? ஆங்கிலமென்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். ஆங்கிலேயனோ அக்காயைக் 'கேபேஜ்' என்கிறான். அவன் வாயில் வராத சொல்லை அவன் நமக்குக் கொடுத்திருக்க முடியாதன்றோ?

குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாளில், பெயர்ச்சொற்களின் வேற்றுமை வடிவங்களை விடியற்காலையில் உரக்கச் சொல்லி மனனம் செய்தோம். அவ்வரிசையில் 'காவுலிஸ்' என்றொரு சொல் உண்டு. தண்டு என்பது அதன் பொருள். திருவழிபாட்டு நூல்களில் அதற்கு அதிக வேலையில்லாமையால் நாம் அதனை விரைவில் மறந்தோம். பின்னாளில் சொல்லாய்வு நூல்களைப் புரட்டிய வேளையில்தான், மறந்த அத்தண்டு நம் அடுக்களையிலேயே வேரூன்றி நிற்பதைக் கண்டோம்.

தண்டுக்கும் கோஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். இன்று நாம் வாங்கும் கோஸில் தண்டு உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறது, நறுக்கும்போது வீசியெறிகிறோம். பண்டை உரோமையர் உண்ட கோஸ் இவ்வாறு உருண்டு திரண்டதன்று. மத்தியதரைக் கடலோரத்திலும் அட்லாண்டிக் கரையோரத்திலும் காடாய் வளர்ந்த ஒரு கீரையின் வழிவந்தது அது. உயர்ந்த தண்டும் விரிந்த இலையுமாக நிற்கும். இலைகள் ஒன்றன்மேலொன்று இறுகிப் பந்தாய்த் திரளும் வகை, வடக்கு ஐரோப்பாவின் குளிர்நிலத்தில் இடைக்காலத்திலேதான் பெருவழக்காயிற்று. உரோமையர் கண்ணுக்குத் தண்டே முதலிற் பட்டது, அதனையே பெயராக்கினர். கிறிஸ்துவுக்கு முன் 160ஆம் ஆண்டளவில் வேளாண்மை நூல் இயற்றிய கேட்டோ என்பார் இக்கீரையை மருந்துகளுக்கெல்லாம் அரசு என்னுமாறு போற்றி, பக்கம் பக்கமாக அதன் குணங்களை அடுக்கியிருக்கிறார். நம் பாட்டிமார் தூதுவளையைப் புகழ்வது போன்றதே அது.

உரோமைப் பேரரசின் படைவீரரும் தோட்டக்காரரும் சென்றவிடமெல்லாம் அச்சொல்லும் சென்றது. செருமானியன் 'கோல்' என்றான். பிரெஞ்சுக்காரன் வாயில் அது தேய்ந்து 'ஷூ' ஆயிற்று. இத்தாலியில் 'காவொலோ'. வேல்சு நாட்டில் அது 'கவ்ல்' ஆகி, நாளடைவில் காயை விட்டுக் குழம்பைக் குறிக்கத் தலைப்பட்டது. உரோமைப் பேரரசின் ஆட்சியையே காணாத வடகோடியில், சுவீடன் மக்கள் தம் பழைய நார்டிக் மொழி வழியே பெற்ற சொல்லை இன்றும் 'கோல்' என்றே ஒலிக்கின்றனர். வெண்ணிறக் கோஸ் அவர்களுக்கு 'வீட்கோல்'. காலிஃபிளவர் 'புலும்கோல்', அஃதாவது பூக்கோஸ்.

சுவீடன் நாட்டுச் சமையலில் ஒரு பண்டம் உண்டு, பெயர் 'கோல்தோல்மார்'. கோஸ் இலையில் கொத்திய இறைச்சியும் அரிசியும் பொதிந்து வேகவைப்பது. பெயரின் முற்பாதி இலத்தீன் வழிவந்த கோல். பிற்பாதி துருக்கியரின் 'தோல்மா'. சுவீடன் மன்னன் பன்னிரண்டாம் சார்லஸ் 1709இல் பொல்தாவாப் போரில் உருசியரிடம் தோற்று, துருக்கி சுல்தானின் நிலத்தில் அடைக்கலம் புகுந்து, 1714 வரை அங்கே தங்கினான். அவன் நாடு திரும்பியபோது கடன் கொடுத்தோரும் பின்தொடர்ந்து வந்தனரென்றும், அவர்களோடு இப்பண்டமும் வந்ததென்றும் கூறுவர். துருக்கியர் திராட்சை இலையில் பொதிவர். திராட்சைக் கொடியில்லாக் குளிர்நாட்டார் கோஸ் இலையைக் கைக்கொண்டனர். அகதியாய்ச் சென்ற அரசனோடு ஒரு சொல் திரும்பி வந்த கதை இது. இதனை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், கும்மிடிப்பூண்டியில் தேவைப்படும்.

கோஸுக்கு அறிவியல் உலகம் வழங்கும் 'பிராசிக்கா ஒலெராசியா' என்னும் பெயரை இட்டவரும் ஒரு சுவீடன் நாட்டாரே. 1753இல் வெளியான தம் தாவர நூலில் லின்னேயஸ் அதனைப் பதிந்தார். கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், புரொக்கோலி ஆகிய யாவும் இந்த ஒரே இனத்தின் பிள்ளைகளே. ஒருவனுக்கு இலை தடித்தது, ஒருவனுக்குப் பூ தடித்தது, ஒருவனுக்குத் தண்டு தடித்தது, அவ்வளவே. லின்னேயஸின் மாணாக்கர் கோனிக் என்பவர் 1768இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் பணியேற்று, இந்நாட்டுத் தாவரங்களை ஆராய்ந்தார் என்பதையும் சொல்லி வைப்போம்.

இனிப் பழவேற்காட்டுக்குப் போவோம்.

பொன்னேரியிலிருந்து பேருந்து ஊர்ந்து செல்கிறது. வயல்கள் மெல்லக் குறைந்து உவர்நிலம் தொடங்குகிறது. திடுமென இருபுறமும் நீர். சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவிலே பெரிய உவர்நீர்க் காயல் இதுவே. குளிர்காலமாயின் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று தியானம் செய்வதைக் காணலாம். கரையில் வலை உலர்த்துவோர், இறால் தரம் பிரிப்போர், பனையோலைப் பெட்டி முடையும் இசுலாமியப் பெண்டிர். இவ்வூர் ஒரு காலத்தில் விசயநகரப் பேரரசின் பெருந்துறைமுகமென்று யாரேனும் சொன்னாலொழியத் தெரியாது.

போர்த்துக்கீசர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்குக் குடியேறினர். மகிமை மாதா ஆலயம் 1515இல் அவர்கள் எழுப்பியதென்பது வழிவழிச் செய்தி. சோழமண்டலக் கரையில் இதனினும் தொன்மையான மரியன்னை ஆலயங்கள் அரியவை. 1517இல் மலாக்காவினின்று இக்கரையில் வந்திறங்கிய போர்த்துக்கீசர் சிலரை அர்மேனிய வணிகர் ஒருவர் அழைத்துச் சென்று மயிலையில் புனித தோமையார் கல்லறையைக் காட்டினார் என்று அவர்தம் குறிப்புகள் கூறுகின்றன. சாந்தோம் நகருக்கு வழி திறந்த வாயில் பழவேற்காடு என்று நாம் பெருமைப்படலாம்.

போர்த்துக்கீசர் மொழியில் இலத்தீன் காவுலிஸ் 'கோவெ' ஆகத் திரிந்திருந்தது. பன்மையில் 'கோவெஸ்'. அப்பன்மையே நம் பழந்தமிழ் அகராதிகளில் 'கோவிசு' என்று காணப்பெற்று, நாக்கின் சோம்பலால் நடுவெழுத்துத் தேய்ந்து 'கோசு', 'கோஸ்' என நின்றதென்பர். அலமாரி, சாவி, மேசை, சன்னல் முதலியவை எவ்வழி வந்தனவோ அவ்வழியே இதுவும் வந்தது. நம்மைப் 'பாதிரியார்' என்று ஊரார் அழைக்கும் அச்சொல்லும் அதே கப்பலில் வந்ததே. ஆசிய மொழிகளில் புகுந்த போர்த்துக்கீசியச் சொற்களையெல்லாம் தேடித் தொகுத்து 1913இல் நூலாக்கியவர் கோவாவைச் சேர்ந்த தல்காதோ என்னும் கத்தோலிக்க குரு என்பதை நம் இளங்குருக்கள் அறிதல் நன்று. அதற்கும் முன்பு, 1679இல், புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி மலையாளக் கரையின் அம்பலக்காட்டில் அச்சேறியது. எஞ்சிய ஒரு படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் மலேசியாவில் மறுபதிப்புச் செய்து நமக்களித்தவர் தனிநாயக அடிகளார்.

கோஸ் என்னும் சொல் பழவேற்காட்டிலேதான் முதன்முதலாகத் தமிழில் கால்வைத்தது என்று நாம் சாதிக்க வரவில்லை. நாகப்பட்டினம், தூத்துக்குடி, கொழும்பு, கொச்சி என்று அவர்கள் தங்கிய துறைகள் பல. ஒரே சொல் பல துறையிலும் இறங்கியிருக்கலாம். எனினும், போர்த்துக்கீசர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஆண்டு சென்ற சுவடு ஒரே தெருக்கோடியில் கிடைக்கும் ஊர் தமிழகத்தில் மிகச் சில. அம்மூவரும் கோஸ் குடும்பத்திலிருந்து நமக்கு ஆளுக்கொரு சொல்லை விட்டுச் சென்றிருக்கின்றனர் என்பதே நமக்கு வியப்பு.

டச்சுக்காரர் 1610இல் வந்தனர். 1612இல் சாந்தோம் போர்த்துக்கீசர் அவர்கள்மீது பாய்ந்தனர். 1613இல் அவர்கள் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்து, 1690 வரையில் சோழமண்டலக் கரை முழுமைக்கும் பழவேற்காட்டையே தலைமையிடமாக்கினர். வண்ணத் துணியும் வெடிமருந்தும் இங்கிருந்து ஏற்றுமதியாயின. அடிமைகளாய் விலைபோன நம் மக்களும் ஏற்றுமதியாயினர். அதனையும் மறைத்தல் தகாது. கோட்டை இருந்தவிடத்தில் இன்று மேடும் முட்செடியுமே. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் காப்பில் நிற்கிறது. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வருவோரை வரவேற்கின்றன. உள்ளே கப்பல்களும் குலச்சின்னங்களும் பொறித்த கற்பலகைகள். ஆட்டுக்குட்டியொன்று பெருவணிகர் ஒருவரின் கல்லறைமேல் துயின்றிருந்தது.

நம்முடன் வந்த உபதேசியார் கல்லெழுத்துக்களைப் பார்த்தபடி, "சாமி, இவங்க நமக்கு என்ன சொல்லை விட்டுட்டுப் போனாங்க?" என்று கேட்டார். துட்டு என்றோம். கக்கூசு என்றோம், சிரித்தார். நூல்கோல் என்றதும் நின்றுவிட்டார். "நூல்கோல் தமிழ்தானே சாமி? நூலு, கோலு!" உபதேசியாரைக் குறை சொல்ல வழியில்லை. நூக்கோல், நூக்கல், நூல்கோல் என்று பலவாறு வழங்கும் அக்காய், டச்சு மொழியில் 'க்னொல்கோல்'. 'க்னொல்' என்றால் கிழங்கு. 'கோல்' என்றால் கோஸ். கிழங்குபோல் திரண்ட கோஸ் என்பது பொருள். பொருள் விளங்காத சொல்லைத் தமிழன் அப்படியே விட்டுவைப்பதில்லை. அதற்கு வேட்டி கட்டி விபூதியும் பூசிவிடுவான். க்னொல் நூலாயிற்று, கோல் கோலாகவே நின்றது. நூலும் இல்லாமல் கோலும் இல்லாமல் பச்சைப் பந்துபோலிருக்கும் காய்க்கு நூல்கோல் என்று பெயர் வந்த வகை இதுவே. சுவீடன் நாட்டான் ஒருவன் நம் சந்தையில் நின்று இச்சொல்லைக் கேட்பானாயின் பிற்பாதியைத் தன் தாய்மொழி என்றே கொள்வான். அவன் காதிலும் நம் நாவிலும் அது ஒரே ஒலி.

ஆங்கிலேயர் பழவேற்காட்டை 1795இல் கைப்பற்றி, 1818இல் திருப்பிக் கொடுத்து, 1825இல் நிலையாகப் பெற்றனர். அவர்கள் பங்குக்கு வந்த சொல் காலிஃபிளவர். அதன் 'காலி'யும் காவுலிஸே. 1822இல் வடக்கே சகாரன்பூர்த் தோட்டத்துக்கு விதை வந்தது. அதே பத்தாண்டில் நீலகிரியில் சல்லிவன் என்னும் ஆட்சியர் உதகையைச் சுற்றி ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். அந்நாள் தொட்டு இக்காய்களுக்கெல்லாம் 'இங்கிலீஷ் காய்' என்று சந்தையில் முத்திரை குத்தியாயிற்று. மூவரில் கடைசியாக வந்தவன் பெயரே காய்களனைத்துக்கும் நின்றுவிட்டது பாருங்கள்! விருந்தில் கடைசிப் பந்திக்கு வந்தவன் விருந்து வைத்தவனாகிவிட்ட கதைதான்.

பிற காய்களுக்கெல்லாம் சொந்தப் பெயர் படைத்த தமிழ் இதற்கு மட்டும் ஏன் கடன் வாங்கியது என்ற கேள்வி நம்மை விடவில்லை. அமெரிக்காவினின்று வந்த காரக்காயை, மிளகின் உறைப்பைக் கொண்டமையால், மிளகாய் என்றனர். மணத்தக்காளி, சிறுதக்காளி என்று முன்னரே நம்மிடமிருந்த பெயரை நீட்டி, வந்த பழத்தைச் சீமைத்தக்காளி என்றனர். பின்னர்ச் சீமையும் உதிர்ந்தது. உருண்ட கிழங்கு உருளைக்கிழங்கு. பறங்கியரை நினைந்து பறங்கிக்காய். கோஸ் மட்டும் கோஸ்.

நமக்குத் தோன்றும் காரணமொன்றுண்டு. மிளகாயும் தக்காளியும் நம் மண்ணில் காய்த்து, நம் மண்ணிலேயே விதை தந்தன. கொல்லைப்புறத்தில் உதிர்ந்த விதை அடுத்த ஆண்டு தானே முளைத்தது. அத்தகைய பிள்ளைக்கு வீட்டார் தம் விருப்பப்படி பெயரிடுவர். கோஸ் அவ்வாறன்று. நீண்ட குளிரைக் கண்டாலொழிய அது பூப்பதில்லை. தமிழகச் சமவெளியில் இலை திரளுமேயன்றி விதை பிடிக்காது. ஆகவே விதை ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்தே வரவேண்டியதாயிற்று. கப்பல்தோறும் விதையும் வந்தது, விதையோடு பெயரும் வந்தது. இதனை விதியென்று நாட்ட இயலாது. அன்னாசியும் பப்பாளியும் நம் தோட்டத்தில் தாமே பெருகியும் அயற்பெயரையே தாங்கி நிற்கின்றன. குளிரை விரும்பும் உருளைக்கிழங்கோ தமிழ்ப்பெயர் பெற்றிருக்கிறது. ஊகம் என்ற அளவில் வாசகர் ஏற்றுக்கொள்வாராக.

கடன் வாங்கியது இழுக்கு என்று நினைப்போருக்கு ஒன்று சொல்வோம். 'கோஸ்' என்பதில் வடவெழுத்தை நீக்கிக் 'கோசு' என்று பாடநூலில் எழுதினால் சொல் தூய்மையாகிவிட்டதாகக் கருதுகிறோம். நன்று, எழுதுவோம். நம் இலக்கண நூலார் காட்டிய நெறியும் அதுவே. ஆனால் உடை மாறினாலும் ஊர் மாறுவதில்லை. நாமும் வெறுங்கையராய் நின்று வாங்கியவர் அல்லர். சுவீடன் மொழியில் இன்று 'மாங்கோ' உண்டு, 'கறி' உண்டு, 'கட்டமரான்' உண்டு. மாங்காயும் கறியும் கட்டுமரமும் எந்நாட்டிலிருந்து புறப்பட்டன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பழவேற்காட்டின் பெயரே ஒரு துணியின் பெயராகி, மலாய் நாட்டில் கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று வழங்குகிறது. மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் வண்ணக் கைக்குட்டையைப் 'பலியகாத்தெ' என்பதும் இவ்வூர்ப் பெயரே என்பர் அறிஞர் சிலர். அங்குள்ளவர் எவரும் பொன்னேரிப் பேருந்தில் வந்து இறங்கியதில்லை.

மாலையில் பொன்னேரிக்குத் திரும்பி, மீண்டும் வண்டியேறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினோம். கல்கத்தா நெடுஞ்சாலையில் இரும்புச் சுருள் ஏற்றிய சரக்குந்துகள் ஆந்திர எல்லையை நோக்கி வரிசை பிடித்துச் செல்கின்றன. ஆலைச் சங்கு ஊதியதும் சீருடையில் இளைஞர் கூட்டம் கடைத்தெருவை நிறைக்கிறது. ஒடிசாவினர், வங்காளத்தார், பீகாரிகள். எல்லைப்புற ஊராதலின் தெலுங்கு எப்போதும் காதில் விழும். தமிழ் இங்கு ஐந்தில் ஒன்று.

காய்கறிக் கடையொன்றின் அருகே சிறிது நேரம் ஒதுங்கி நின்றோம். நீலகிரியிலிருந்தும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த கோஸ் குவிந்து கிடந்தது. இளைஞன் ஒருவன் 'பந்தாகோபி' என்றான். வங்காளத்திலும் ஒடிசாவிலும் இலை கட்டுண்ட கோஸுக்கு அதுவே பெயர். பந்தா என்றால் கட்டிய. அக்கோபியும் மராட்டியரின் கோபியும் போர்த்துக்கீசரின் கோவெயினின்று வந்தனவே. இந்திக்காரரின் கோபிக்கு மட்டும் சமஸ்கிருத மூலம் காட்டுவோர் உளர். காயைக் கண்ட கண்கள்தாம் எத்தனை விதம்! உரோமையன் தண்டைக் கண்டான். ஆங்கிலேயனின் கேபேஜ் என்பதற்குத் தலை என்பது பொருள். வங்காளி கட்டைக் கண்டான். கன்னடியன் 'எலெகோசு' என்று இலையைக் கண்டான். நாம் முட்டையைக் கண்டோம்.

இவ்வூரில் மற்றொரு கூட்டத்தாரும் உளர். 1990இல் ஈழத்துப் போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்தோர்க்கு அமைந்த முகாம்களுள் பெரியவற்றில் ஒன்று கும்மிடிப்பூண்டியில் உள்ளது. 2021இல் அரசு இம்முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியும் பலருக்குக் குடியுரிமை மாறவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணந்து பிள்ளை பெற்றோரும் எந்நாட்டுக் குடிமக்கள் என்று கேட்டால் விடை சொல்ல இயலாமல் நிற்கின்றனர்.

ஈழத்தார் கோஸைக் 'கோவா' என்பர். சிங்களவரும் அவ்வாறே. நமக்குக் கோவெஸ் என்னும் பன்மை கிடைத்தது. அவர்களுக்குக் கோவெ என்னும் ஒருமை. போர்த்துக்கீசன் கொழும்பில் ஒன்றைக் காட்டிச் சொன்னான் போலும், இங்கே கூடையைக் காட்டிச் சொன்னான் போலும்! அன்றியும் நம் நூல்கோல் அவர்களிடம் 'நோக்கோல்'. டச்சு ஒலிக்கு அது இன்னும் நெருக்கம். நாம் அலுவலகம் என்பதை அவர்தம் முதியோர் 'கந்தோர்' என்பதும் டச்சே. அச்சொற்களின் பழைமையை நோக்கின் அவர்கள் வைத்திருப்பது நம்மினும் பழுதுபடாதது என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆயின் சந்தையில் பழைமைக்கு மதிப்பேது? முகாம் வந்த புதிதில் கடைக்குச் சென்று கோவா கேட்டால், "அது மிட்டாய்க் கடையில கிடைக்கும்" என்று சிரித்தார்களாம். பால்கோவா என்று எண்ணினர். இதனை நமக்குச் சொன்ன மூதாட்டி எழுபதைக் கடந்தவர். மன்னார்க் கரையிலிருந்து படகேறியபோது கையில் கொண்டு வந்தது ஒரு செபமாலையும், இரண்டு சேலையும். "சிரிச்சவை எண்டு நான் கோவிக்கேல்லை, சாமி. ஆனா அண்டைக்கு ராத்திரி சமைக்க மனம் வரேல்லை," என்றார். கோவாவையும் மாசிக் கருவாட்டையும் சேர்த்து அவர் தாயார் வைக்கும் சுண்டலை விவரித்தார். நம் ஊர்ச் சுண்டலன்று. தேங்காய்ப் பூ தூவி வதக்கும் வறை. அவர்தம் பேச்சில் கந்தோர் வந்தது, அலுமாரி வந்தது, கோவா மூன்று முறை வந்தது.

அவர் பேர்த்தி அருகில் நின்றாள். தனியார் தொழிற்கூடமொன்றில் கணக்கு எழுதும் பெண், முகாமிலேயே பிறந்தவள். வீட்டுக்கு வெளியே அவள் பேச்சில் ஈழத்தின் சாயலே இல்லை. அதைக் குறித்து நாம் வினவியபோது, பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கையில் 'கோவா' என்று சொல்லி வகுப்பே நகைத்ததாகவும், அன்றுமுதல் அவ்வீட்டில் தான் மட்டும் கோஸ் என்று சொல்வதாகவும் கூறினாள். அவள் குரலில் வருத்தம் ஒன்றுமில்லை. நாம் அவளுக்குக் கோவெ, கோவெஸ் என்னும் ஒருமை பன்மைக் கதையைச் சொன்னோம். இரண்டும் ஒரே சொல்லென்றும், இரண்டில் மூத்தோர் கண்டவாறே நிற்பது அவள் பாட்டியின் சொல்லென்றும் சொன்னோம். அவள் பாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நீங்க சொன்னதுதான் சரியா, அம்மம்மா?"

"நான் எப்பவாவது பிழை எண்டு சொன்னனானோ, பிள்ளை?" என்றார் மூதாட்டி.

மறுநாள் திருப்பலிக்குப் பின் அவ்விருவரும் கடைத்தெருவுக்குப் புறப்பட, நாமும் உபதேசியாரும் நிலையம் வரை உடன் நடந்தோம். முதல்நாள் நாம் ஒதுங்கி நின்ற கடையேதான். கடைக்காரர் மூதாட்டியைக் கண்டதும், "என்ன ஆச்சி, கோவாவா? ஒரு கிலோ போடட்டுமா?" என்றார். அவர் அச்சொல்லைக் கற்றுப் பல ஆண்டுகளாயினவாம். குவியலின்மேல் குத்தியிருந்த அட்டையில் சுண்ணக்கட்டியால் கோஸ் என்றும், அதன்கீழே வடநாட்டுத் தொழிலாளருக்காகக் கோபி என்றும் எழுதியிருந்தார். பேர்த்தி பையை நீட்டினாள். நம் வண்டி வரும் நேரமாயிற்று.